மருந்து ஏன் தோற்றது என்று கேளுங்கள்

“மாத்திரை இனிமேல் கேட்காது” என்று மருத்துவர் சொன்ன அன்றைக்கு நம் பக்கத்து வீடுகளில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் ஒன்றுதான். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவோம், இருக்கிற நாளில் கேட்டதை வாங்கிக் கொடுப்போம். அலங்காநல்லூர், பாலமேடு, வாடிப்பட்டி, எந்த ஊரைச் சொன்னாலும் நுரையீரல் புற்றுநோய் வந்த வீட்டில் இந்தப் பேச்சு நடந்திருக்கும். அன்பால் எடுக்கிற முடிவுதான். ஆனால் பல நேரம் அவசரப்பட்டு எடுத்த முடிவு. அதை எடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும் என்று மன்றாடத்தான் இதை எழுதுகிறேன். மருந்து ஏன் தோற்றது?

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. இன்று இருக்கிறது. பதில் இருந்தும் கேட்காமல் விடுவது நோயாளிக்குச் செய்யும் அநீதி.

கதை 2004-இல் தொடங்குகிறது. கெஃபிட்டினிப் என்ற மாத்திரை நுரையீரல் புற்று வந்த பலருக்கு ஒன்றும் செய்யவில்லை. சிலருக்கு மட்டும் சில வாரத்திலேயே கட்டி கரைந்தது. பீடி சிகரெட்டைத் தொட்டே பார்க்காதவர்கள், குறிப்பாகப் பெண்கள், அந்தச் சிலரில் அதிகம். அமெரிக்க ஆய்வாளர்கள் கட்டியின் மரபணுக்களைப் படித்தபோது காரணம் தெரிந்தது. ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் ஒரு பிழை. செல்லை ‘வளர், வளர்’ என்று ஏவும் கட்டளை நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. மாத்திரை அந்தக் கட்டளையின் வாயை அடைக்கிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வில் அடினோகார்சினோமா என்ற வகை நுரையீரல் புற்று வந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இந்தப் பிழை இருந்தது. கிழக்காசியாவில் இருவரில் ஒருவருக்கு இருக்கிறது.

ஆனால் ஓராண்டு போவதற்குள் பலருக்கு இருமல் திரும்பியது. அடுத்த ஆண்டே, 2005-இல், திரும்பிய கட்டியைக் குத்தி எடுத்துப் பார்த்தார்கள். அதே மரபணுவில் டி790எம் என்று இரண்டாவதாக ஒரு மாற்றம். மாத்திரை போய் உட்காரும் இடத்தையே அது மாற்றியிருந்தது. கெஃபிட்டினிப் போன்ற முதல் தலைமுறை மாத்திரை தோற்றவர்களில் பாதிப்பேருக்கு இதுதான் காரணம் என்று பின்னால் தெரிந்தது. அதற்கென்றே செய்த ஓசிமெர்டினிப் 2015 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதே ஆண்டில் அதையும் ஏமாற்றும் சி797எஸ் என்ற மாற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சிலரிடம் மெட் என்ற வேறொரு மரபணு பல படியாகப் பெருகி, மூடிய வாசலைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் வருகிறது. இன்னும் சிலரிடம் கட்டியே இனம் மாறி, சிறுசெல் புற்றாக ஆகிவிடுகிறது. அதற்கு மாத்திரையைக் கூட்டிக் கொடுத்துப் பயனில்லை. வேறு கீமோ வேண்டும்.

பெரியாறு பாசனத்தில் நெல் போடுகிறவர்களுக்கு இது விளங்காத சங்கதி இல்லை. புகையான் விழுந்த வயலில் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் என்ன ஆகிறது? சாகிறது சாகும். ஏற்கெனவே தாங்கும் குணமுள்ள நாலு பூச்சி தப்பிக்கும். அடுத்து வயல் முழுக்க அதன் வம்சம். கட்டிக்குள்ளும் கோடிக்கணக்கான செல்கள் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. சில முதலிலேயே தப்பும் மாற்றத்தோடு இருக்கின்றன. வேறு சில, மருந்து விழுந்த காலத்தில் வளராமல் பதுங்கிக் கிடந்து, பிறகு மாற்றத்தைப் பெறுகின்றன. இரண்டு வழியிலும் எதிர்ப்பு வரும் என்று 2016-இல் ஆய்வு காட்டியது. ஆக, மருந்து தோற்றது நோயாளியின் தலையெழுத்தும் அல்ல, குலதெய்வக் குற்றமும் அல்ல. கட்டி மாறிவிட்டது. மாறியது எப்படி என்று பார்க்காமல் அடுத்த மருந்தை எழுதுவதும் தவறு. எழுதாமல் கைவிடுவதும் தவறு.

மரபணுவுக்குப் போகும் முன் வீட்டு அலமாரியைப் பாருங்கள். எதிர்ப்பு என்று நாம் நினைப்பது சில நேரம் எதிர்ப்பே அல்ல. மருந்து உடம்பில் சேரவே இல்லை. கெஃபிட்டினிப், அதே வகை மாத்திரையான எர்லோட்டினிப் இரண்டும் கரைந்து ஏறுவதற்கு வயிற்றில் அமிலம் வேண்டும். நம் ஆட்களோ நெஞ்செரிச்சல் என்றால் யாரையும் கேட்காமல் கேஸ் மாத்திரை போடுகிறவர்கள். அதைச் சேர்த்துப் போட்டால் புற்றுநோய் மருந்து ரத்தத்தில் ஏறுவது ஏறக்குறைய பாதியாகக் குறையும். பீடியை விடாமல் எர்லோட்டினிப் போடுகிறவருக்கும் அதே கதிதான். புகை ஈரலைத் தூண்டிவிட்டு மருந்தைச் சீக்கிரம் எரித்துவிடும். எல்லாவற்றையும்விட ஆபத்து டி.பி. மருந்தான ரிஃபாம்பிசின். அது சேர்ந்தால் கெஃபிட்டினிப் ரத்தத்தில் ஆறில் ஒரு பங்காக இறங்கிவிடுகிறது. ஓசிமெர்டினிப்கூட கால் பங்குக்குக் கீழே போகிறது. இதைப் படித்துவிட்டு யாரும் டி.பி. மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. இரண்டு மருத்துவருக்கும் இரண்டு நோயையும் சொல்லுங்கள், அவர்கள் மாற்றித் தருவார்கள். சொல்லாமல் விடுவதுதான் கொல்லும். நாட்டு மருந்தும் அப்படித்தான். சாப்பிடுகிறீர்களா, சொல்லிவிடுங்கள். திட்டுவார்களோ என்று மறைத்தால் மருந்து தோற்றதற்கான காரணம் ஒருநாளும் வெளிவராது.

டி.பி. பற்றிச் சொல்ல இன்னும் இருக்கிறது. நம் ஊரில் இருமல், எடை குறைவு, சளியில் ரத்தம் என்றால் முதலில் சந்தேகப்படுவது டி.பி. நியாயமான சந்தேகம். தோப்பூர் நெஞ்சக நோய் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த ஆள் இல்லாத தெரு இந்தப் பக்கம் எங்கே இருக்கிறது? எக்ஸ்ரேயில் இரண்டும் நிழலாகவே விழும். ஆனால் சளியில் கிருமி இல்லை, மாத்திரை போட்டும் வாரக்கணக்காக முன்னேற்றம் இல்லை என்றால் அங்கேயே நின்று கேளுங்கள்: இது வேறு ஏதாவதா? சி.டி. ஸ்கேன் வேண்டுமா? சதை எடுத்துப் பார்க்க வேண்டுமா? டி.பி. என்று நினைத்துக் கழிந்த மாதங்களில் புற்று முற்றிவிட்ட கதை இந்திய மருத்துவர்கள் எல்லோருக்கும் தெரியும். இந்தியாவில் ஓராண்டில் புதிதாக நுரையீரல் புற்று வருகிறவர்கள் 80,000-க்கு மேல். அதில் இறப்பவர்கள் ஏறக்குறைய 75,000 பேர். 2022-க்கான உலக மதிப்பீடு இது. இரண்டு எண்ணும் இவ்வளவு நெருங்கி நிற்பதற்குத் தாமதம் ஒரு பெரிய காரணம்.

அந்த டி.பி.யிலிருந்தே நாம் கற்றுக்கொள்ளவும் இருக்கிறது. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், 193 ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்துப் பாதிப்பேரைச் சானட்டோரியத்திலும் பாதிப்பேரைக் குடிசை வீட்டிலுமாக ஓராண்டு வைத்தியம் பார்த்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள் என்று 1959-இல் வந்த முடிவு உலகத்தின் டி.பி. வைத்தியத்தையே மாற்றியது. அங்கே இரண்டு பாடம். ஒற்றை மருந்து எதிர்ப்பை வளர்க்கும் என்பதால் இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். மாத்திரை ஒழுங்காக உள்ளே போகிறதா என்று சிறுநீரைச் சோதித்துக்கூடப் பார்த்தார்கள். அறுபது ஆண்டு கழித்து டாடா நினைவு மருத்துவமனை ஈஜிஎஃப்ஆர் பிழையுள்ள 350 நோயாளிகளிடம் கெஃபிட்டினிபைத் தனியாகவும் கீமோவோடு சேர்த்தும் கொடுத்து ஒப்பிட்டது. தனி மாத்திரையில் நோய் அடங்கியிருந்தது சராசரியாக 8 மாதம். சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு 16 மாதம். பக்கவிளைவு கூடுதல்தான். ஆனாலும் விலை மலிந்த மருந்துகளை வைத்தே எதிர்ப்பைத் தள்ளிப்போட்ட ஆய்வு அது, இந்தியாவில் இந்தியர்களிடம் நடந்தது. ஆகவே முதல் நாளே கேளுங்கள்: என் உடம்புக்கு மாத்திரை மட்டும் போதுமா, கீமோவும் சேர்க்கலாமா?

மாத்திரையைப் பாதியாக உடைத்து இரண்டு நாளைக்கு வைத்துக்கொள்வது, ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று நடுவில் விடுவது, கல்யாணம் காட்சி என்று நாலு நாள் மறப்பது, இது எதுவும் வேண்டாம். காசு இல்லை என்றால் காசு இல்லை என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். அதில் வெட்கம் என்ன?

இனி சதை எடுக்கும் ஊசிக்கு வருகிறேன். “சதை எடுத்தா பரவிடும்.” “கத்தி பட்டா கேன்சர் வெறி பிடிச்சுரும்.” இதைச் சொல்லாத டீக்கடை நம் பக்கம் இல்லை. இந்த ஒரு பேச்சு எத்தனை பேரைக் கொன்றிருக்கிறது என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. நுரையீரலில் ஊசி போடுவதில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். காற்றுக் கசியலாம், ரத்தம் வரலாம்; மருத்துவர்கள் அதற்குத் தயாராகத்தான் செய்வார்கள். ஊசித் தடத்தில் புற்று பரவுவது மிக மிக அரிது. பார்க்காமல் விட்ட புற்று பரவுவதோ உறுதி. முதல் தடவை சம்மதித்த குடும்பங்கள்கூட இரண்டாம் தடவை மறுத்துவிடுகின்றன. “அப்பவே எடுத்தாச்சே, மறுபடி எதுக்கு அவரைக் குத்திக்கிட்டு?” எதற்கென்றால், அப்போது எடுத்தது பழைய கட்டி. இப்போது இருப்பது மாறிய கட்டி.

சிலருக்கு ரத்தத்திலேயே பார்க்கலாம். சாகும் புற்றுச் செல்கள் தங்கள் மரபணுத் துணுக்குகளை ரத்தத்தில் விடுகின்றன. அதைப் பிடித்துப் படிக்கும் சோதனைக்கு 2016-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, இந்தியாவிலும் செய்கிறார்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். ரத்தத்தில் மாற்றம் தெரிந்தால் இருக்கிறது என்று கொள்ளலாம். தெரியவில்லை என்றால் இல்லை என்று ஆகாது. அப்போது சதைதான் பேச வேண்டும். சிறுசெல் புற்றாக மாறியதா என்பதையும் சதையைப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

எடுத்த சதையை மெழுகில் பதித்து வைப்பார்கள். ஆஸ்பத்திரியில் ‘பிளாக்’ என்பார்கள். தீப்பெட்டியில் அடங்கும் அந்தத் துண்டு ஆண்டுக்கணக்கில் கெடாது. புதுச் சோதனை வந்தாலும் அதிலிருந்தே சீவிப் பார்க்கலாம். ஸ்கேன் படங்களைப் பெரிய கவரில் போட்டு பீரோ மேல் வைக்கிற நம் ஆட்கள் இந்த பிளாக்கைப் பற்றிக் கேட்பதே இல்லை. எந்த ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது, எத்தனை நாள் வைத்திருப்பார்கள், வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் எப்படி வாங்குவது என்று கேட்டு ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

அடுத்தது சொல்லக் கசப்பானது. “அப்பாகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க டாக்டர், தாங்க மாட்டாரு” என்று வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிடும் பிள்ளைகளே, யாருடைய உடம்பு அது? பெரியவருக்கு இத்தனை நாளில் தெரியாமலா இருக்கும்? கரண்டு (கதிர்வீச்சு) வைக்கும் அறையில் பக்கத்துப் படுக்கைக்காரர் பாதி சொல்லியிருப்பார். மறைத்து வைத்தவரிடம் இரண்டாவது ஊசிக்கு எப்படிச் சம்மதம் வாங்குவது? மாத்திரையை ஏன் விடக் கூடாது என்று எப்படிச் சொல்வது? பக்குவமாக, கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுங்கள். ஆனால் சொல்லுங்கள். எல்லாம் தெரிந்த பிறகு அவரே “போதும்ப்பா, வீட்டுக்குப் போவோம்” என்றால் அதற்குத் தலைவணங்குவதும் அறம்தான். வலி தணிப்புச் சிகிச்சையைக் கேட்டு வாங்குங்கள், அது கைவிடுவதாகாது. பாஸ்டனில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், தொடக்கத்திலிருந்தே அந்தச் சிகிச்சையும் சேர்ந்து கிடைத்த நுரையீரல் புற்றுநோயாளிகள் கூடுதல் நாள் வாழ்ந்தார்கள். நான் எதிர்ப்பது தெரியாமல் கைவிடுவதை மட்டும்.

கேள்வி கேட்ட எல்லோருக்கும் விடையாக ஒரு மாத்திரை காத்திருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். ஓசிமெர்டினிபுக்குச் சுங்கவரி இல்லை என்று மதுரையில் பிறந்த நிதியமைச்சர் 2024 ஜூலையில் அறிவித்த பிறகும் அது சாதாரண வீட்டுக்கு எட்டாத விலைதான். அதையும் தாண்டிய எதிர்ப்புகளுக்குச் சரியான மருந்தை உலகம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. தேடல் எதை வைத்து நடக்கிறது? நோயாளிகள் கொடுத்த சதையையும் ரத்தத்தையும் வைத்து.

இங்கிலாந்தில் 2014-இல் தொடங்கிய ட்ரேசர்எக்ஸ் ஆய்வில் நுரையீரல் புற்றுநோயாளிகளின் கட்டியில் ஒரே இடத்தில் எடுக்காமல் பல இடங்களில் துண்டு எடுத்து, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து படிக்கிறார்கள். முதல் 421 பேரின் கதை 2023-இல் வெளியானது. கட்டிக்குள் எந்தக் கிளை எப்போது பிரிந்தது, எந்தக் கிளை பரவியது என்று வம்சாவளி போட்டுக் காட்டிவிட்டார்கள். அதனோடு சேர்ந்த இன்னோர் ஆய்வில், இறந்த பிறகு தங்கள் உடம்பிலிருந்து திசு எடுத்துக்கொள்ளலாம் என்று உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். உலகம் படித்த இப்படிப்பட்ட கட்டிகளில் பெரும்பகுதி வெள்ளையர்களுடையவை. விறகடுப்புப் புகையில் முப்பது வருடம் சமைத்த, பீடியே தொடாத பாலமேட்டு அம்மாவின் கட்டி அவற்றில் எத்தனை?

ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2025 பிப்ரவரியில் இந்தியர்களின் மார்பகப் புற்று மரபணு விவரங்களைத் திரட்டி எல்லா ஆய்வாளரும் பயன்படுத்தும்படி வெளியிட்டது. நுரையீரலுக்கும் அப்படி வேண்டும் என்றால் நாம் கொடுத்தால்தான் உண்டு. உடல் உறுப்பு தானத்தில் நாட்டுக்கே வழிகாட்டுகிற மாநிலம் இது. தானம் செய்தவரின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை என்று 2023-இல் அறிவித்த மாநிலம். கண்ணைக் கொடுக்கத் தெரிந்த மதுரைக்காரருக்கு, எப்படியும் வெட்டி எடுத்த சதையில் மிச்சத்தைக் கொடுப்பதில் என்ன தயக்கம்? கேட்டால் கொடுங்கள். கேட்கவில்லை என்றால் ‘ஆராய்ச்சிக்கு வேண்டுமா’ என்று நீங்களே கேளுங்கள்.

ஆராய்ச்சியாளர்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு, அது கொஞ்சம் கடுமையானது. இங்கிலீஷில் அச்சடித்த பத்துப் பக்கத்தை நீட்டி, ‘இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க’ என்று கைநாட்டு வாங்குவது சம்மதம் ஆகாது. நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும், விருப்பமில்லை என்றால் பின்னால் விலகிக்கொள்ளலாம், அதனால் வைத்தியம் கெடாது என்பதெல்லாம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளில் எழுதியே இருக்கிறது. எடுத்த சதையில் வைத்தியத்துக்கு உதவும் தகவல் கிடைத்தால் அந்த வீட்டுக்குத் திரும்பச் சொல்ல வேண்டும். கட்டுரை வெளிவந்ததும் ஊரை மறந்துவிடுகிறவர்களால்தான் அடுத்த ஆள் கேட்கும்போது ஊர் கதவைச் சாத்துகிறது.

மருத்துவர்களே, வெளியே நூறு பேர் நிற்கிறார்கள் என்பது தெரியும். இருந்தாலும் ‘மருந்து கேட்கவில்லை’ என்பதோடு நிறுத்தாதீர்கள். என்னென்ன மாத்திரை சேர்த்துச் சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். மறுசோதனை எங்கே நடக்கும், எவ்வளவு ஆகும், காப்பீட்டு அட்டையில் எது வரும், மருந்துக் கம்பெனி செலவை ஏற்கும் திட்டம் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். ஈஜிஎஃப்ஆர் ஒன்றை மட்டும் பார்க்கச் சில ஆயிரம் ஆகும்; பல மரபணுக்களை ஒன்றாகப் படிக்கப் பத்தாயிரக்கணக்கில் ஆகும். எது இப்போதே அவசியம் என்று பிரித்துச் சொல்ல உங்களை விட்டால் அவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?

கடைசியாக ஊர்ப் பெரியவர்களுக்கு. டி.பி. நோயாளி சளியைக் கொடுத்தால் இரண்டு மணி நேரத்தில் கிருமியின் மரபணுவைப் பார்த்து, ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா அடங்காதா என்று அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகச் சொல்கிறார்கள். மருந்து எதிர்ப்பை முன்கூட்டிப் பார்க்கும் அந்த உரிமை நுரையீரல் புற்றுநோயாளிக்கும் வேண்டும். மதுரையில் ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது, பாலரெங்காபுரத்தில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது, காமராசர் பல்கலைக்கழகத்தில் மரபணுவியல் படித்த ஆட்கள் இருக்கிறார்கள், தோப்பூரில் எய்ம்ஸ் வருகிறது. இவற்றை ஒரே நூலில் கோக்க வேண்டும். அது நடக்கும்வரை, ஜல்லிக்கட்டு வாடிவாசலில் காரும் டிராக்டரும் பரிசாக அறிவிக்கிற புரவலர்கள் இந்தத் தையில் பத்து நோயாளிகளின் மறுசோதனைச் செலவையும் ஏற்றுக்கொள்ளட்டும். ஜல்லிக்கட்டு நாள் அமைச்சர்கள் ஊருக்குள் வருகிற நாள். அவர்களிடம் கொடுக்க மனுவை மார்கழியிலேயே எழுதி வையுங்கள். நுரையீரல் புற்றுக்கு மரபணுச் சோதனை மருந்து தொடங்கும்போது ஒரு முறை, நோய் திரும்பும்போது இன்னொரு முறை, இரண்டும் பெரியாஸ்பத்திரியிலேயே, கட்டணம் இல்லாமல். மனுவில் இவ்வளவு இருந்தால் போதும்.